"ஜகாட்": அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் யார் வீட்டுப் பிள்ளை?



உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் இருக்கிறானா? சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, புத்தகத்தைத் தொடுவதில்லை, சாமான் ஒன்று கையில் கிடைத்தால் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை, கேள்வி கேட்டால் எதிர்க்கேள்வி போடுகிறான், அப்படித்தானே? "உருப்படாதவன்" என்ற பட்டத்தை அவனுக்கு நீங்கள் ஏற்கனவே கட்டிவிட்டீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு ஒரு தமிழ்ப் படம் வந்தது. பெயர் "ஜகாட்". சென்னையிலிருந்து பெட்டியில் வந்த படமல்ல. நம் மண்ணில், நம் பிள்ளைகளே எடுத்த படம். இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். அவருக்கு அதுதான் முதல் முழுநீளப் படம். அதே நாளில் "ஸ்டார் வார்ஸ்" வரிசையின் புதுப்படமும் வெளியானது. உலகமே வரிசை பிடித்து நின்ற அந்தப் படத்துக்குப் பக்கத்துத் திரையில், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத நம் படம் ஓட வேண்டியிருந்தது. யானை நடக்கும் வழியில் எறும்பு போன கதைதான். ஆனாலும் எறும்பு நசுங்கவில்லை. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குள் பேசினார்கள், சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். ஒரு படத்தைப் பற்றி நம்மவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

பெயரே ஒரு கதை

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். மலாயில் "ஜாஹாட்" என்றால் கெட்டவன், பொல்லாதவன். அது நம்மவர் வாயில் புகுந்து "ஜகாட்" ஆகிவிட்டது. நீங்களும் நானும் எத்தனை முறை சொல்லியிருப்போம்! "பையன் ரொம்ப ஜகாட்டு" என்று செல்லமாகவும் சொல்வோம், கோபமாகவும் சொல்வோம். செல்லத்துக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். அந்தச் சொல் எந்த நாளில் செல்லமாக இருந்தது, எந்த நாளில் உண்மையாகவே அவனுடைய பெயராகிப் போனது என்பதுதான் படம்.

கதை நடப்பது 1990-களின் தொடக்கத்தில். தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, நம் ஜனங்கள் லயத்தைக் காலி செய்துகொண்டு பட்டணத்து ஓரங்களுக்கு வந்து குடியேறிய காலம். பலகையும் தகரமுமாக வீடு. அங்கே அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அவனுடைய அப்பா மணியம் உழைப்பாளி, கண்டிப்பானவர். "நான் பட்ட பாடு நீ படக்கூடாது, படி" என்பதுதான் அவருடைய ஒரே மந்திரம். மந்திரம் பலிக்காதபோது கை நீளும். மகனுக்கோ தலை நிறையக் கற்பனை. அதை வீடும் பள்ளியும் குறும்பு என்றுதான் பார்க்கின்றன. மாமன் சித்தப்பன் என்று சுற்றியிருப்பவர்களில் ஒருவர் போதைப் பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். இன்னொருவர் மெக்சிகோ என்று ஊரே பயத்தோடு கூப்பிடும் குண்டர் கும்பல்காரர். இந்த மூன்று ஆண்களுக்கு நடுவில் அந்தப் பிள்ளை வளர்கிறான். யாரைப் பார்த்து அவன் ஆண்பிள்ளை ஆகப் போகிறான்? அதற்கு மேல் கதையை நான் சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும் அல்லவா?

ஏன் பன்னிரண்டு வயது?

இயக்குநர் பன்னிரண்டு வயதைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வயது ஒரு வாசற்படி. ஆறாம் ஆண்டு. அந்நாளில் யு.பி.எஸ்.ஆர். சோதனை இருந்தது. 1988-இல் தொடங்கி 2021-இல் எடுக்கப்பட்டுவிட்ட அந்தச் சோதனையின் பெயரைக் கேட்டாலே நம் தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதில் மலாய் மொழியில் தேறாவிட்டால் நேராக முதல் படிவம் கிடையாது. "ரிமூவ்" வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டும். ஆறு வருடம் தமிழில் பேசிச் சிரித்த பிள்ளை திடீரென்று ஆயிரம் பேர் படிக்கும் பெரிய பள்ளியில் போய் நிற்பான். அங்கே வாய் திறக்கப் பயம். கடைசி பெஞ்சு. யாரோ ஓர் அண்ணன் தோளில் கை போட்டு, "எவனாவது அடிச்சா என்கிட்ட சொல்லு" என்பான். வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. பிள்ளை எங்கே போவான், நீங்களே சொல்லுங்கள்.

இது கற்பனையல்ல. படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2013 ஆகஸ்டில், உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரைப் பகிரங்கமாக வெளியிட்டது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றும் கணக்குச் சொன்னது. நாட்டு மக்கள் தொகையில் நாம் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. நாளிதழில் அதைப் படித்தவர்கள் "நம் இனத்துக்கு என்ன வந்தது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வீட்டுக்குள் புகுந்து பதில் தேடிய படம் "ஜகாட்".

பார்த்தவர்கள் சொன்னது என்ன?

நான் கேட்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரிப் பேசவில்லை.

முதல் கட்சி: "பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, சண்டை என்று எதிர்பார்த்துப் போனால் அதுவும் நாம் பார்த்துப் பழகிய மாதிரி இல்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த வெள்ளிக்கு என்ன கிடைத்தது?" இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு நாள் வெயிலில் கிடந்துவிட்டு ஏழாம் நாள் படத்துக்குப் போகிறவர் இரண்டு மணி நேரம் சிரிக்கத்தான் போகிறார். தன் வீட்டுக் கஷ்டத்தைத் திரையில் பார்க்கக் காசு கொடுப்பானேன் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது கட்சி: "நம்மை நாமே கேவலப்படுத்தலாமா? மற்ற இனத்தார் பார்த்தால் இந்தியன் என்றாலே குடி, கும்பல், கத்தி என்றுதானே நினைப்பார்கள்? படித்து டாக்டரானவன், வக்கீலானவன் யாரும் கண்ணில் படவில்லையா?" இதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பலகை வீட்டை நினைக்கவே பிடிக்கவில்லை. வலி தெரிந்துதான் அப்படிப் பேசுகிறார்கள்.

மூன்றாவது, ஆசிரியர்கள். "எல்லாப் பழியையும் பள்ளிக்கூடத்து வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறீர்களே! வகுப்பு நிறையப் பிள்ளைகள், பாதிப் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதில் ஒரு பிள்ளையின் கற்பனையை உட்கார்ந்து பார்க்க முடியுமா?" என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனாலும் நான் அடித்த சில பிள்ளைகளின் முகம் ஞாபகம் வந்துவிட்டது." அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

நான்காவது, இளவட்டங்கள். இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நான் போன காட்சியில், மெக்சிகோவாக நடித்த ஜிப்ரேல் ராஜுலா திரையில் வந்தபோது பின்வரிசையில் விசில் பறந்தது. எச்சரிக்கை செய்ய எடுத்த படத்தையே ஏணியாகப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருந்தது. ஆனால் படம் முடிந்து விளக்குப் போட்டபோது திரும்பிப் பார்த்தேன். விசிலடித்த பையன்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

ஐந்தாவது, அப்பாமார்கள். "அந்த மணியம் செய்ததில் என்ன தப்பு? அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை உருப்படுமா? எங்கப்பன் என்னை அடித்தான், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?" என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நன்றாக இருக்கிறீர்கள் என்று யார் சொன்னது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மணியம் கெட்டவர் இல்லை. படத்தைப் பார்த்த எவரும் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் அடிப்பது வெறுப்பால் அல்ல, பயத்தால். தோட்டத்தை விட்டு வந்தவருக்குக் கையில் இருந்தது பால்மரம் சீவும் தொழில் ஒன்றுதான். பட்டணத்தில் அந்தத் தொழிலுக்கு மதிப்பில்லை. மகனும் இப்படியே ஆகிவிடுவானோ என்ற பயம் பிரம்பாக மாறுகிறது. அப்பாவின் பயம் பிள்ளைக்குத் தெரிவதில்லை. பிரம்பு மட்டும்தான் தெரிகிறது. குபேன் மகாதேவன் அந்த அப்பாவாகவும், ஹர்விந்த் ராஜ் என்ற சிறுவன் அப்போயாகவும் நடித்தார்கள் என்று சொல்வதைவிட, நம் லயத்தில் பார்த்த இருவரை மறுபடி காட்டினார்கள் என்று சொல்லலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

மற்றவர் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை ஒளித்து வைப்பது நியாயமில்லை.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தார். விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தோம். 1988-இல் தோட்டம் விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். இரயில் பாதையோரத்தில் புறம்போக்கு நிலத்தில் பலகை அடித்துக் குடியேறினோம். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு எட்டு.

அண்ணன் கெட்டிக்காரன். பழைய சைக்கிள் டைனமோவையும் டார்ச் விளக்கையும் வைத்து வீட்டுக்கு வெளிச்சம் போட்டவன். அதற்காக அடுத்த வீட்டுச் சைக்கிளைக் கழற்றியதால் வாங்கிய அடியும் எனக்கு நினைவிருக்கிறது. ஆறாம் ஆண்டுச் சோதனையில் மலாய் தேறவில்லை. ரிமூவ் வகுப்பு. ஓர் ஆண்டுக்குள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். அப்பா இடைவாரை எடுத்தார். அவன் பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனான். பிறகு அவனைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு முறை சிறைக்குப் போனான். அப்பா இறந்தபோது அவன் உள்ளே இருந்தான். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

இந்தப் படத்துக்கு அம்மாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். மகனுக்கு அப்போது அதே பன்னிரண்டு வயது. படம் ஓடும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. பெரியவர்களுக்கே உரிய கல் மாதிரி முகம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதித் தூரம் வந்த பிறகு, "உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கணும்" என்றார். அப்பா போய் அப்போது பதினோரு வருடம்.

அண்ணன் இப்போது எங்களோடு இருக்கிறான். கார் பட்டறையில் வேலை. கை வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளியே சொல்வார். பின்னர் ஒரு நாள் அந்தப் படத்தை அவனுக்கும் வீட்டில் போட்டுக் காட்டினோம். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். சிகரெட் பிடிக்கப் போனான் என்று நினைத்தோம். படம் முடிகிறவரை உள்ளே வரவில்லை. முடிந்த பிறகு வந்து என் மகனிடம் கேட்டான்: "அந்தப் பையன் பரீட்சையில பாஸ் பண்ணானா?"

என் மகனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மொழிக்கு ஒரு வரிசையா?

இந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அதையும் நீங்கள் மறக்கக் கூடாது.

2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழா. சிறந்த படத்துக்கான பிரிவு ஒன்று; தேசிய மொழி அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று. தமிழ் பேசிய "ஜகாட்" தனிப் பிரிவில் போய் உட்கார்ந்தது. பல மொழி பேசும் காற்பந்துப் படமான "ஓலா போலா"வும் அங்கேதான். நம் நாட்டில் எடுத்து, நம் நாட்டுக் கதையைச் சொன்ன படத்துக்குத் திண்ணையில் இலை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்மவர்கள் மட்டும் பேசவில்லை. மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் விழாவிலிருந்து விலகிக்கொண்டார். நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷாவ்கியும் எதிர்த்து நின்றார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் நாளிதழ்களில் கேள்வி எழுப்பினார்கள். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற பெரிய விருதை எந்த மொழிப் படமும் பெறலாம் என்று விதியை மாற்றினார்கள். செப்டம்பரில் விழா நடந்தது. சிறந்த மலேசியத் திரைப்படம்: "ஜகாட்".

இந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "படம் எடுத்த பிள்ளைக்கு விருது கொடுத்துட்டாங்க. படத்துல வர்ற பிள்ளைக்கு என்ன கொடுக்கப் போறாங்க?" என்றார். படிப்பு வாசனை இல்லாத அம்மா கேட்ட கேள்வி. எந்த விமர்சகரும் அதற்கு மேல் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நம் தமிழைத் திரையில் கேட்டோம்

ஒன்றை மட்டும் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பேச்சு. சென்னைப் படத்துப் பேச்சை நாம் எத்தனையோ ஆண்டாகக் கேட்டு, வசனத்தை மனப்பாடம் செய்து, நம் பேச்சைத் தாழ்வாக நினைத்துப் பழகிவிட்டோம். மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து, லயத்திலும் கம்பத்திலும் நாம் பேசுகிற பேச்சைத் திரையில் கேட்டபோது திரையரங்கில் ஒரு சலசலப்பு. முதலில் சிரிப்பு, பிறகு அமைதி. "இது நம்ம வீட்டுல பேசுற மாதிரியே இருக்கே" என்று என் பின்னால் ஒரு பாட்டி உரக்கவே சொன்னார். தன் குரலை முதன்முதலாக வெளியே கேட்கிறவருக்கு வருகிற வெட்கமும் சந்தோஷமும் அது.

நாம் என்ன செய்யலாம்?

வாசகர்களே, படம் நல்லதா, சுமாரா என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பாட்டு வேண்டும் என்பவர்களுக்குப் பாட்டுள்ள படங்கள் இருக்கின்றன. நம்மைக் கேவலப்படுத்திவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மூடி வைத்த புண் ஆறுவதில்லை. திறந்து கழுவினால் எரியும், ஆனால் ஆறும்.

அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று தலைப்பில் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எங்களுக்கு இருபத்தேழு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது.

இன்று இரவு உங்கள் பையன் எதையாவது பிரித்துப் போட்டிருந்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படி வேலை செய்யுது, எனக்கும் காட்டு" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவன் பள்ளியில் யாரோடு சாப்பிடுகிறான், எந்த அண்ணன் அவன் தோளில் கை போடுகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். மலாயில் பின்தங்கியிருந்தால் ஆறாம் ஆண்டு வரை காத்திராமல் மூன்றாம் ஆண்டிலேயே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். களைப்போடு பேசினாலும் பரவாயில்லை, பேசுங்கள். "நீ கெட்டுப் போயிடுவியோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்று வாயால் சொல்லிவிடுங்கள். பிரம்பால் சொல்லாதீர்கள்.

என் அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கு மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பிரித்து மாட்டக் கற்றுக் கொடுக்கிறான். அவர்களில் ஒருவன் மகா சேட்டை. போன வாரம் ஒரு திருகாணியைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றான். அம்மா வாசலில் உட்கார்ந்தபடி, "சரியான ஜகாட்டுப் பையன்" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றான். பிறகு அந்தப் பையனோடு சேர்ந்து தரையில் குனிந்து திருகாணியைத் தேடத் தொடங்கினான்.